சேலத்து வெயிலுக்கு எந்த மெழுகுவர்த்தி?

இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து, அஸ்தம்பட்டியில் காரை வெயிலில் நிறுத்திவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகிறீர்கள். ஏற்காட்டில் வாங்கிய சோயா மெழுகுவர்த்தி பின் சீட்டில் இருக்கிறது. ஏப்ரல், மே மாதமென்றால் நீங்கள் கை கழுவி வருவதற்குள் அது கிளாஸுக்குள் எண்ணெயாகிக் கிடக்கும். கிளாஸில் ஊற்றுவதற்கென்று வரும் சோயா மெழுகு 50 டிகிரி செல்சியஸை ஒட்டியே உருகும். வெயிலில் பூட்டி வைத்த காருக்குள் அந்தச் சூடு சாதாரணம். தேன்மெழுகு உருக 62 முதல் 64 டிகிரி வேண்டும்.

மெழுகுவர்த்தி வாங்குகிறவர்கள் "இயற்கையானதுதானே?" என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சேலத்துக்காரர் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை டிகிரியில் உருகும் என்பதை. அடுத்தது, உள்ளே இருப்பது என்ன திரி. மூன்றாவது, வாசனை எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள். மெழுகு தேனீயிடமிருந்து வந்ததா, சோயா எண்ணெயிலிருந்து வந்ததா, பெட்ரோலியத்திலிருந்து வந்ததா என்ற கேள்விக்கு நான்காவது இடம்தான் கொடுப்பேன். லேபிளில் 'சோயா கலவை' என்று இருந்தால் அதில் பாரஃபின் (பெட்ரோலிய மெழுகு) பாதிக்குமேல் இருந்தாலும் ஆச்சரியமில்லை. எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். ஜெல்லி மாதிரி பளபளவென்று இருக்கும் மெழுகுவர்த்தி பெரும்பாலும் மினரல் ஆயில். அதுவும் பெட்ரோலியம்தான்.

புகைக்குக் காரணம் பெரும்பாலும் மெழுகு இல்லை, திரி. சுடர் எரிவது உருகிய மெழுகின் ஆவியை. திரி நீளமாக இருந்தால் தேவைக்கு மேல் மெழுகு மேலே ஏறும். அத்தனை ஆவியையும் எரிக்கக் காற்று போதாமல், எரியாத கரி புகையாக வெளியே போகும். ஃபேன் காற்றில் சுடர் ஆடினாலும் இதே கதை. நல்ல தேன்மெழுகையும் தப்பான திரி போட்டு எரித்தால் சுவரில் கறுப்புப் படியும். சரியான திரி போட்ட பாரஃபின், சுடர் ஆடாமல் எரிந்தால், அந்த அளவுக்குப் புகைவதில்லை. தேன்மெழுகு எரிந்தால் வீட்டுக் காற்று சுத்தமாகும் என்று விற்கிறார்கள், அதற்கு ஆதாரம் கிடையாது. எரிகிற எந்தப் பொருளும் காற்றில் எதையாவது சேர்க்கத்தான் செய்யும். எவ்வளவு குறைவாகச் சேர்க்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

ஸ்பூன் சோதனை என்று ஒன்று சுற்றி வருகிறது. சுடருக்குள் எவர்சில்வர் ஸ்பூனை நீட்டி, கறுத்தால் கெமிக்கல் மெழுகு என்று தீர்ப்பு சொல்வார்கள். மஞ்சள் சுடர் மஞ்சளாகத் தெரிவதே உள்ளே கரித்துகள் தகதகவென்று எரிவதால்தான். அதற்குள் எதை நீட்டினாலும் கறுக்கும், தேன்மெழுகாக இருந்தாலும். சோதித்துத்தான் தீர வேண்டுமென்றால் ஃபேனை நிறுத்திவிட்டு, சுடரின் நுனியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வெள்ளைப் பீங்கான் தட்டை ஒரு நிமிடம் பிடியுங்கள். அங்கே கறுத்தால் திரியை வெட்டிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் கறுத்தால் அந்த மெழுகுவர்த்தியை வீட்டுக்குள் ஏற்றாமல் இருப்பது நல்லது.

இப்போது திரி. கார்த்திகைக்கு வாங்கிய விளக்குத்திரி மீதி இருக்கிறதே, அதையே போடலாமா என்பதுதான் எல்லோரும் கேட்பது. போடலாம், ஆனால் சரியாக எரியாது. விளக்குத்திரி முறுக்கிய பஞ்சு. எரியும்போது நேராகவே நிற்கும், நுனியில் கரி திரண்டு காளான் குடை மாதிரி உட்காரும், அந்தக் கரி உதிர்ந்து உருகிய மெழுகில் விழும். பின்னிய பருத்தித் திரி எரிய எரிய ஒரு பக்கமாக வளையும். வளைந்த நுனி சுடரின் வெளி விளிம்புக்குப் போய், அங்கே காற்று நிறைய இருப்பதால் சாம்பலாகி உதிர்ந்துவிடும். தன்னைத் தானே வெட்டிக்கொள்ளும் திரி என்று சொல்லலாம். தேன்மெழுகு கெட்டியானது, சோயாவுக்குப் போடுவதைவிட ஒரு சுற்று தடிமனான திரி கேட்கும்.

பருத்தி நூலில் வீட்டிலேயே திரி பின்னுகிறவர்கள் ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீரில் 1 மேஜைக்கரண்டி உப்பு, 2 மேஜைக்கரண்டி வெண்காரம் (போராக்ஸ்) கரைத்து, திரியை இரவு முழுக்க ஊறவைத்து, இரண்டு நாள் காய விட வேண்டும். வெண்காரம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். அணைத்த பிறகும் திரி கங்காகக் கனன்றுகொண்டிருப்பதை இது குறைக்கும். காய்ந்த திரியை உருகிய மெழுகில் முக்கினால் குமிழ் குமிழாகக் காற்று வரும். குமிழ் நின்றதும் எடுத்து, நேராக இழுத்துப் பிடித்து ஆறவிடுங்கள். இதைச் செய்யாத திரி முதல் தடவை ஏற்றும்போது வெறும் நூலாகக் கருகும்.

நடுவில் கம்பி வைத்த திரியும் வரும். பழைய சரக்கில் அந்தக் கம்பி ஈயமாக இருக்க வாய்ப்புண்டு. அமெரிக்காவில் ஈயத் திரியை 2003லேயே தடை செய்துவிட்டார்கள். பஞ்சைப் பிரித்து, கம்பியை வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். பென்சில் கோடு மாதிரி சாம்பல் நிறக் கோடு விழுந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சேர்வராயன் மலையில் தேன்மெழுகுக்குப் பஞ்சமில்லை. பாறையிலும் பெரிய மரங்களிலும் ஒற்றை அடை கட்டும் மலைத்தேனீயின் மெழுகும் உண்டு, காப்பித் தோட்டங்களில் பெட்டி வைத்து வளர்க்கும் அடுக்குத் தேனீயின் மெழுகும் உண்டு. நல்ல தேன்மெழுகை உடைத்தால் உடைந்த இடம் பளபளக்காது, வெல்லத்தை உடைத்த மாதிரி பொரபொரவென்று மங்கலாக இருக்கும். நகத்தால் சுரண்டினால் சுருளாக வரும். அந்தச் சுருளை விரலில் உருட்டினால் மாவு மாதிரி ஒட்டிச் சேரும். வெள்ளைச் செதில்களாக உதிர்ந்தால் பாரஃபின் கலந்திருக்கலாம். நல்ல தேன்மெழுகும் குளிரில் சில வாரம் இருந்தால் மேலே வெள்ளையாகப் பூத்துப்போகும். பூஞ்சை என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், துணியால் துடைத்தால் போய்விடும்.

தேனடையாகவே வாங்கி வந்தால் வேலை கொஞ்சம் அதிகம். முதலில் பச்சைத் தண்ணீரில் நன்றாக அலசித் தேனைப் போக்குங்கள். தேன் மிச்சமிருந்தால் காய்ச்சும்போது கருகி மெழுகின் நிறத்தைக் கெடுக்கும். பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டி, தண்ணீரில் போட்டு, மேலே ஒரு கல்லை வைத்து, சிறு தீயில் வையுங்கள். தளதளவென்று கொதிக்கக் கூடாது. மெழுகு துணி வழியாகக் கசிந்து மேலே மிதக்கும், புழுக்கூட்டுத் தோலும் குப்பையும் மூட்டைக்குள் தங்கிவிடும். கறுத்த பழைய அடையில் குப்பைதான் நிறைய, மெழுகு கொஞ்சம்தான் தேறும்.

இங்கே இரண்டு தப்பு நடக்கும். ஒன்று, இரும்புச் சட்டியிலோ செம்புப் பாத்திரத்திலோ காய்ச்சுவது. மெழுகு அழுக்குப் பழுப்பாகவோ பச்சையாகவோ மாறிவிடும். எவர்சில்வர் போதும், அதற்குச் சேலத்தில் குறைவா? இன்னொன்று, உப்புத் தட்டிய போர் தண்ணீர். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து மெழுகோடு சேர்ந்து சோப்பு மாதிரி நுரைத்து, ஆறிய மெழுகு ஸ்பாஞ்சாகிவிடும். மழைத்தண்ணீர் உத்தமம். இல்லையென்றால் 2 லிட்டர் தண்ணீருக்கு 1 மேஜைக்கரண்டி வினிகர். பாத்திரத்தைச் சாக்கில் சுற்றி மெதுவாக ஆறவிட்டால் அழுக்கு அடியில் இறங்கும். இறுகிய மெழுகு வட்டை எடுத்து அடிப்பக்கத்தைக் கத்தியால் சீவிவிடுங்கள். மலையில் இதைச் செய்கிறவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வது நல்லது, வாசனை பிடித்துத் தேனீக்கள் விசாரிக்க வந்துவிடும்.

ஊற்றும் அளவுக்கு வருவோம். 200 மில்லி கிளாஸில் 170 மில்லி வரை ஊற்ற சுமார் 160 கிராம் மெழுகு பிடிக்கும். தனித் தேன்மெழுகை ஊற்றினால் ஆறும்போது சுருங்கி, கண்ணாடியை விட்டு விலகும், நடுவில் வெடிக்கும். 130 கிராம் தேன்மெழுகுக்கு 30 கிராம் தேங்காய் எண்ணெய் சேர்த்தால் இது குறையும். ஆனால் தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகிவிடும். ஏற்காட்டுக்கு இந்த அளவு சரி. கோடையில் சேலத்தில் இதே மெழுகுவர்த்தி மேலெல்லாம் எண்ணெய் வியர்த்து நிற்கும். அங்கே 145க்கு 15 போதும், லேசாக விலகினால் விலகட்டும். மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தே உருக்குங்கள். 85 டிகிரிக்கு மேல் போனால் நிறமும் வாசனையும் கெடும். 70 டிகிரிக்கு வந்ததும், முன்பே வெதுவெதுப்பாக்கிய கிளாஸில் ஊற்றுங்கள். டிசம்பர் மாதத்து ஏற்காட்டில் மேலே ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வைக்காவிட்டால் வெடிப்பு நிச்சயம். மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூடி போட்டு மூடி, அடுப்பை அணையுங்கள். எரியும்போது சடசடவென்று சத்தம் வந்தால் மெழுகில் ஈரம் தங்கியிருக்கிறது. மறுபடி உருக்கி ஒரு மணி நேரம் சூட்டிலேயே தெளியவிட்டு, மேலாக ஊற்றிக்கொள்ளலாம்.

எந்தத் தடிமன் திரி என்பதற்குச் சூத்திரம் கிடையாது. ஒரே அளவு கிளாஸ் மூன்றில் மூன்று தடிமன் போட்டு ஏற்றிப் பாருங்கள். 6 செ.மீ. அகலக் கிளாஸில் இரண்டரை மணி நேரத்துக்குள் மெழுகு விளிம்பு வரை உருக வேண்டும், ஆழம் 1 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. நடுவில் கிணறு மாதிரி இறங்கினால் திரி சின்னது. புகைந்து, கிளாஸ் கையில் பிடிக்க முடியாமல் சுட்டால் பெரிது.

வாசனை விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருக்கலாம். இழுப்பு, தும்மல் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் வாசனையே வேண்டாம், தேன்மெழுகின் சொந்த மணம் போதும். 'இயற்கை எண்ணெய்' என்பதாலும் தொந்தரவு குறைந்துவிடாது. எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெயில் உள்ள லிமோனீன் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து, கண், மூக்கை எரிக்கும் ஃபார்மால்டிஹைடு வாயுவை உண்டாக்கும். ஏற்காட்டுக்குப் போனால் யூகலிப்டஸ் தைலம் வாங்காமல் யாரும் திரும்புவதில்லை, அதை மெழுகில் ஊற்றிப் பார்க்கிறவர்களும் உண்டு. அதன் ஆவி 50 டிகிரிக்கு அருகிலேயே தீப்பற்றும் தன்மை உடையது. எரிகிற அடுப்புப் பக்கத்தில் சூடான மெழுகில் ஊற்றுவது ஆபத்து. தைலம் தலைவலிக்கே இருக்கட்டும்.

ஏற்காட்டு வீடுகளில் இன்னொரு சங்கடம், பனிக்குப் பயந்து சாத்திய ஜன்னல். மணிக்கு 6 கிராம் எரியும் மெழுகுவர்த்தி 4 மணி நேரத்தில் 30 கிராமளவு நீராவியையும், 70 கிராமுக்கு மேல் கரியமில வாயுவையும் அறைக்குள் விடும். இரண்டு மூன்று ஏற்றினால், ஏற்கெனவே பூஞ்சை பிடிக்கும் சுவருக்கு இன்னும் ஈரம் சேரும். ஜன்னலை இரண்டு விரல்கடை திறந்து வையுங்கள், சுடருக்கு நேராக இல்லாமல். பூஜையறையில் தினமும் கற்பூரமும் நாலு ஊதுபத்தியும் எரிகிற வீட்டில் மெழுகுவர்த்தியை மட்டும் சந்தேகப்படுவது சரியில்லை. ஊதுபத்தி சுடர் இல்லாமல் கனல்வதால் புகை முழுவதும் அறைக்குள்தான். அங்கே ஒன்றைக் குறைத்தாலே வித்தியாசம் தெரியும்.

ஒவ்வொரு தடவை ஏற்றும் முன்னும் திரியை 5 மி.மீ.க்கு நறுக்குங்கள், நகவெட்டியே போதும். முதல் தடவை ஏற்றும்போது விளிம்பு வரை உருகும் முன் அணைக்க வேண்டாம், அணைத்தால் அதற்கப்புறம் அந்தக் குழிக்குள்ளேயே எரியும். ஒரே மூச்சில் 4 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அணைக்கும்போது ஊதாமல், பழைய ஸ்பூனின் காம்பால் திரியை உருகிய மெழுகுக்குள் அமுக்கி உடனே நிமிர்த்திவிடுங்கள். ஊதினால் வரும் வெள்ளைப் புகை எரியாத மெழுகின் ஆவிதான், இப்படி அமுக்கினால் அது வராது. திரிக்கும் புது மெழுகு பூசியாகிவிடும். அடியில் 1 செ.மீ. மிஞ்சியதும் ஏற்றுவதை நிறுத்துங்கள், அதற்குக் கீழே போனால் கண்ணாடி சூடாகி வெடிக்கும். மிஞ்சிய தேன்மெழுகைச் சுரண்டி வைத்துக்கொண்டால் அரிவாள்மனைப் பிடிக்கும், இறுகிப்போன மர அலமாரி இழுப்பறைக்கும் தேய்க்க ஆகும்.