பிளாஸ்மாவில் முனைவர் பட்டம், அப்புறம்?

பிளாஸ்மா (அயனியாக்கப்பட்ட வாயு) இயற்பியலில் ஆய்வு செய்யும் தம்பி, தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணா, டோகமாக்கை விட்டால் எங்களுக்கு வேலை எங்கே?"

டோகமாக் என்பது பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் அடைத்து அணுக்கரு இணைவை நடத்த முயலும் கருவி. அந்த இணைவின் மேல் எனக்கும் தீராத ஆசை உண்டு. காந்திநகரில் ஆதித்யா-யு, எஸ்எஸ்டி-1 என்ற டோகமாக்குகள் இருக்கின்றன. பல நாடுகள் சேர்ந்து பிரான்ஸில் எழுப்பும் ஈட்டர் இணைவு உலைக்கான கிரையோஸ்டாட் (உலையைச் சூழும் மாபெரும் வெற்றிடக் கலன்) நம் நாட்டுப் பங்களிப்பு. ஆனால் நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி), மறுபடி போஸ்ட்டாக் என்று வருடங்கள் ஓடிவிடும்.

அதனால்தான் சிப் துறையைப் பாருங்கள் என்கிறேன். சிலிக்கானில் நானோமீட்டர் அளவுப் பள்ளங்களை வெட்டுவது பிளாஸ்மாதான். வேஃபரின் (சிப்கள் உருவாகும் சிலிக்கான் வட்டத் தகடு) மேல், பிளாஸ்மாவின் விளிம்பில் உருவாகும் மெல்லிய உறையில் மின்புலம் அயனிகளைச் செங்குத்தாக இழுக்கிறது. பள்ளத்தின் சுவர்கள் நேராக நிற்பதற்கு அது முக்கியக் காரணம். ஆய்வகத்தில் லாங்மியூர் ப்ரோப் (பிளாஸ்மாவுக்குள் நுழைக்கும் உலோக முனை) வைத்து எலக்ட்ரான் வெப்பநிலை அளந்த எனக்கு, எட்ச் சேம்பர் (பிளாஸ்மாவால் பள்ளம் வெட்டும் வெற்றிட அறை) அந்நியமாகத் தெரியவில்லை. பிளாஸ்மாவை உருவாக்க அதே 13.56 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அதிர்வெண், அதே வெற்றிட பம்ப், அதே கசிவுத் தேடல். புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது வேதியியல்தான், குறிப்பாக ஃப்ளூரின் வாயுக்கள் சிலிக்கானோடு வினைபுரியும் விதம்.

சிப் தயாரிக்கும் கருவிகளைச் செய்யும் லாம் ரிசர்ச், அப்ளைடு மெட்டீரியல்ஸ் நிறுவனங்கள் இரண்டுக்குமே பெங்களூரில் மையங்கள் உண்டு. விண்ணப்பத்தில் கட்டுரைப் பட்டியலை மட்டும் நீட்டாதீர்கள். எந்தக் கருவியை நீங்களே கட்டினீர்கள், பழுதானபோது எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.