கிளீனர் இல்லாத வண்டி

நவம்பர் 12, புதன்

குலசேகரத்துல லோடு ஏத்தி, தார்ப்பாய் போட்டு, கயிறு இறுக்கி முடிக்க அந்தியாச்சு. ரப்பர் ஷீட்டு, ஜலந்தருக்கு. வீட்டு முன்னால வண்டி ஒதுக்க இடமில்லன்னு மகன் ரோட்டுலயே நின்னு தலையை நீட்டி, "வாறேன்ப்பா"ன்னான். எறங்கல்ல. மருமகளும் பிள்ளையும் நடையில நின்னு கையைக் காட்டினாவ.

ஒத்தையிலதான் போறான். கிளீனர் உண்டா லேன்னு கேட்டா, "இந்தக் காலத்துல யாருப்பா கிளீனரா வாறா?"ன்னு என்னையே திருப்பிக் கேக்கான்.

ராத்திரி நாங்குநேரி டோலு மெசேஜ் வந்துது.

நவம்பர் 13, வியாழன்

சாலைப்புதூர். எட்டூர்வட்டம். கப்பலூர். கொடைரோடு. வேலஞ்செட்டியூர்.

வண்டி என் பேர்ல. ஃபாஸ்டேக் என் நம்பர்ல. காசு கழியக் கழிய போன் கிணுங்குது. கண்ணு ஆபரேஷனுக்குப் பிறகு எழுத்து இன்னும் கலங்கலாத்தான் தெரியுது. மருமகள் வாசிச்சுச் சொல்றா. அவளுக்கு எவ்வளவு கழிஞ்சுதுன்னு கணக்கு, எனக்கு எந்த ஊரு தாண்டிச்சுன்னு கணக்கு.

சொட்டு மருந்து நாலு வேளை. குனியக் கூடாதாம். தலை நனையக் கூடாதாம். மழை பாட்டுக்குப் பெய்யுது.

நவம்பர் 14, வெள்ளி

கிருஷ்ணகிரி தாண்டியாச்சு. தொப்பூரு மலைச்சாலை போறப்ப ஏத்தம்தான், அது பயமில்ல. திரும்பி வாறப்பதான் எறக்கம்.

நவம்பர் 16, ஞாயிறு

பூசைக்குப் போகல்ல. கறுப்புக் கண்ணாடியோட போனா எல்லாரும் என்னா ஏதுன்னு கேப்பாவ.

காலையில இருந்து மெசேஜ் இல்ல. கர்னூல் பக்கம் எங்கயோ ஒறங்குறான்னு நினைக்கேன். மருமகள் போன்ல வண்டி புள்ளியா தெரியும், ஜிபிஎஸ் உண்டு. அதைப் பாக்க எனக்கு மனசில்ல. கடன் குடுத்தவனும் அதைத்தான் பாக்கான், சரக்குக்காரனும் அதைத்தான் பாக்கான். வண்டி கொஞ்ச நேரம் நின்னா உடனே போன்: "ஏன் நிக்குது?" மூத்திரம் பெய்ய நிப்பாட்டினதுக்கும் பதில் சொல்லணும்.

நான் கிளீனரா வண்டியில ஏறினது 1978. நேஷனல் பெர்மிட்டு அதுக்கு மூணு வருசம் முன்னாலதான், 1975ல வந்திருந்துது. நாகர்கோவில் விட்டா நாக்பூர் வரைக்கும் நாங்க எங்க இருக்கோம்னு ஒருத்தனுக்கும் தெரியாது. மொதலாளிக்கும் தெரியாது, பெண்டாட்டிக்கும் தெரியாது. புக்கிங் ஆபீஸ் போய்ச் சேர்ந்தாத்தான் கடுதாசி இருக்கும். பிறகு எஸ்.டி.டி. பூத்து வந்துது, ராத்திரி சார்ஜ் கொறையட்டும்னு காத்துக் கிடந்து, ஓடுற மீட்டரைப் பாத்துக்கிட்டே பேசுவோம். இவன் பெறந்த சேதி எனக்குத் தெரிஞ்சது நாக்பூர்ல. தந்தி எனக்கு முன்னாலயே வந்து மேசையில கெடந்து ஓரமெல்லாம் சுருண்டிருந்துது. வாசிச்சுட்டு அப்படியே ரிட்டர்ன் லோடு பாக்கப் போனேன். வேற என்ன செய்ய?

அது நல்ல காலம்னு சொல்ல வரல்ல. வீட்டுல இருந்தவ பட்டது அவளுக்குத்தான் தெரியும். அவ இப்ப இல்ல. இருந்திருந்தா இந்த மெசேஜ் ஒவ்வொண்ணுக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்தியிருப்பா.

நவம்பர் 18, செவ்வாய்

நாக்பூர்.

நவம்பர் 19, புதன்

டீக்கடைக்குப் போனேன். கண்ணாடியைப் பாத்துச் சிரிச்சாவ, சிரிச்சுட்டுப் போட்டும். பழைய ஆட்கள் ரெண்டு பேரு இருந்தாவ. பேச்சு வழக்கம்போல பழைய டாடா 1210 லாரியில போய் நின்னுது. பவர் ஸ்டியரிங் கிடையாது. வளைவு திருப்ப தோளு கழண்டு போகும். நாமக்கல்லில கட்டின மரக்கேபின். எஞ்சின் சூடு எடது காலுல ஏறி முட்டுக்குக் கீழ முடியே முளைக்காது. இப்ப 2025 அக்டோபர்ல இருந்து செய்யுற லாரிக்கெல்லாம் கேபின் ஏசி கட்டாயம்னு ஒருத்தரு சொன்னாரு. இன்னொருத்தருக்குக் கோவம்: "ஏசியில இருந்தா டிரைவர் ஒறங்கீருவான்!" நான் சொன்னேன், வேர்வையில வெந்து வெந்துதான் நாம ஒறங்கினோம், கண் சொக்கி எத்தனை பேரு செத்தான், அவன் கேபின்ல என்ன ஏசியா இருந்துது?

அதுக்குப் பிறகு பேச்சு ஓடல்ல.

செக்போஸ்ட்டு போனது மட்டும் பெரிய நிம்மதின்னு மூணு பேருமே ஒத்துக்கிட்டோம். 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்தது, அடுத்த வருசம் ஏப்ரல்ல ஈ-வே பில், சரக்குக்கு ஆன்லைன்ல போடுற சீட்டு. அதுக்கு முன்னால எல்லைக்கு எல்லை வரிசை. பில்டி, அதான் சரக்குச் சீட்டு, அந்தக் காகிதத்துக்கு இடையில நோட்டை மடக்கி வச்சுத்தான் நீட்டணும். வாழைக்குலை ஏத்திட்டுப் போய் வரிசையில கெடந்து, சந்தை சேருமுன்ன பழுத்து ஒழுகினது உண்டு. வாடகையில பிடிச்சது மொதலாளி, ஏச்சு கேட்டது நான்.

நவம்பர் 21, வெள்ளி

போன் பண்ணினான். பல்வல் பக்கம் நிக்கானாம். டெல்லிக்குள்ள போகாம அங்க பிரிஞ்சு, சுத்துச் சாலையில போய் குண்ட்லியில ஏறணும். 2018ல தொறந்த ரோடு. நாங்க பகல் முழுக்க டெல்லிக்கு வெளிய கெடந்து, ராத்திரி விட்டாத்தான் உள்ள போவோம்.

அந்தப் பக்கம் ஒரே பொகையாம், வயலெல்லாம் தீ வச்சிருக்கானாம். "மஞ்ச லைட்டு போட்டு மெதுவா ஓட்டு மக்களே"ன்னேன். சரின்னான். சாப்பிட்டியான்னு கேட்டேன். "பரோட்டா"ன்னான். எங்க வண்டியில ஸ்டவ்வும் அரிசியும் கருவாடும் உண்டு. கிளீனர் பயல், திருவட்டாறுக்காரன், டேங்குக்குப் பக்கத்துல மறைப்பு கட்டிச் சோறு பொங்குவான். ஜான்சியிலயும் சாளைக் கருவாட்டுக் கொழம்பு. பஞ்சாபி டிரைவர் ஒருத்தன் மணம் தாங்காம வண்டியை நகத்திப் போட்டுட்டான்!

நவம்பர் 23, ஞாயிறு

ஜலந்தர்.

கன்னியாகுமரியில தொடங்கி ஸ்ரீநகர் வரைக்கும் இப்ப ஒரே நம்பர், 44. நாங்க 7ன்னுதான் சொல்லிப் பழகினோம், அது காசிக்குத் திரும்பிப் போகும். வாயில இப்பவும் 7தான் வருது.

நவம்பர் 25, செவ்வாய்

லோடு எறக்கல்ல. வரிசையில நிக்கானாம். நின்னா காசு கிடையாது.

கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா கொடியேறியாச்சு. பிள்ளை ராட்டினத்துக்கு அழுவுது.

நவம்பர் 27, வியாழன்

லூதியானாவுல சைக்கிள் சாமான், மதுரைக்கு. போன்ல ஆப்புல வந்த லோடு. புக்கிங் ஆபீஸ் திண்ணையில கெடந்து புரோக்கருக்கு டீ வாங்கிக் குடுக்க வேண்டியதில்ல. ஆனா வாடகை? அதே லோடுக்கு நூறு வண்டிக்காரன் போன்ல விரலை வச்சிட்டு இருக்கான். எவன் கொறைச்சுக் கேக்கானோ அவனுக்கு. டீசலு, டோலு, மாசத்தவணை. இதுல படி எங்க, கிளீனருக்குச் சம்பளம் எங்க? கிளீனர் வரமாட்டேன்னு சொல்லல்ல, அவனுக்கு இடம் வைக்கல்ல. அதை இவன் ஒத்துக்க மாட்டான்.

சோறு பொங்கவும் டயரைத் தட்டிப் பாக்கவும் மட்டுமா கிளீனர்? ஏத்தத்துல நின்னா குதிச்சுக் கல்லு வைப்பான். ரிவர்சுல பின்னால நின்னு தட்டுவான். ராத்திரி ரெண்டு மணிக்கு மேல எதாவது பேசிக்கிட்டே இருப்பான், பொய்யாவது சொல்லுவான். நான் கிளீனரா இருந்து ஸ்டியரிங் பிடிச்சுப் படிச்சதும் அப்படித்தான். எனக்குப் படிப்பிச்ச டிரைவர் ஆசான் பக்கத்துல கண்ணை மூடிக் கிடப்பாரு, ஆனா கியர் சத்தம் பிசகினா கை வந்து விழும். 1961லேயே சட்டம் வந்துது, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல ஓட்டக் கூடாதுன்னு. ஒத்தை ஆளு ஜலந்தருக்கு எட்டு மணி நேரம் ஓட்டிட்டு எறங்கினா, மீதிக்கு யாரு இருக்கா?

நவம்பர் 29, சனி

ஆக்ரா தாண்டி நிக்கான். சிவப்பு லைட்டு எரிஞ்சுதாம், யூரியா தண்ணி தீந்துட்டு. பொகையைச் சுத்தம் பண்ண ஊத்துறது அது. புது பொகைச் சட்டத்து பிஎஸ் 6 வண்டியில அது இல்லேன்னா எஞ்சின் இழுக்காது. வாங்கி ஊத்திட்டானாம். எங்களுக்கு ஸ்பேனரும் கம்பியும் போதும். இப்ப மெக்கானிக்கு கம்ப்யூட்டரோட வரணும். போட்டும், எங்க பழைய வண்டி கக்கின கரும்புகையை நெனச்சா இது தேவலை.

டிசம்பர் 1, திங்கள்

நாக்பூருக்குத் தெக்க வந்தாச்சு. ராத்திரி ஒறக்கம் வரல்ல. கண்ணு இல்ல, தொப்பூர்தான்.

தர்மபுரியில இருந்து சேலம் வாறப்ப எறக்கம். நியூட்ரல் போட்டு விட்டா டீசல் மிச்சம்னு ஒரு நெனப்பு எல்லாவனுக்கும். அங்க கெடந்த வண்டிகளைப் பாத்திருக்கேன். பழைய எஞ்சினுக்காவது அதுல ஒரு கணக்கு இருந்துது. இப்ப உள்ளதுல கியர்ல வச்சு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா டீசல் தானாவே நிக்கும். நியூட்ரல்லதான் எஞ்சின் அணையாம இருக்க டீசல் குடிக்கும். நியூட்ரல்ல, எஞ்சின் பொகையை அடைச்சு வேகம் கொறைக்கிற எக்சாஸ்ட் பிரேக்கும் பிடிக்காது. மிதிச்சு மிதிச்சு காத்து எறங்கும், டிரம்மு பழுக்கும், பிறகு மிதிச்சா பஞ்சுல மிதிச்ச மாதிரி இருக்கும். ஏறின கியர்லதான் எறங்கணும். ஆசான் சொன்னது இது ஒண்ணுதான்.

அவன் கிட்ட போன்ல சொன்னா "தெரியும்ப்பா"ம்பான். அந்தத் தெரியும்ப்பாவுக்குத்தான் பயம்.

டிசம்பர் 3, புதன்

சவேரியார் தேரு. மருமகள் கோட்டாறு போய் நெய்விளக்கு வச்சா. முப்பந்தலு இசக்கிக்கும் துட்டு முடிஞ்சு வச்சிருக்கா; எந்தச் சாமிக்கும் கொறை வைக்கக் கூடாதாம். வச்சுட்டுப் போட்டும். எங்க கேபின்லயும் மாதாவும் இசக்கியும் ஒண்ணாத்தான் இருந்தாவ.

ஐதராபாத் தாண்டியாச்சு.

டிசம்பர் 5, வெள்ளி

பாகேபள்ளி. அந்திக்கு அத்திப்பள்ளி. கிருஷ்ணகிரி.

போன் பண்ணினேன், எடுக்கல்ல. ஓட்டிக்கிட்டு எடுக்காம இருக்கிறது நல்லதுதான்.

ராத்திரி 11.50, பாளையம் டோலு. அடுத்தது ஓமலூர்தான். எடையில எறக்கம்.

12.30. இல்ல.

12.50. இல்ல. நின்னு டீ குடிப்பான்.

1.20. மருமகளை எழுப்பி புள்ளியைப் பாக்கச் சொல்லலாமா? அவளும் ஒறங்காமத்தான் கெடக்கா, மின்விசிறிக்குக் கீழ போன் வெளிச்சம் தெரியுது.

1.40. ஓமலூர்.

டிசம்பர் 6, சனி

மதுரையில எறக்கிட்டு நாளைக்கு வருவான்னு வெளுப்பாங்காலமே எழும்பி சாளை வாங்கி வச்சேன், மரச்சீனியும். பத்து மணிக்குக் கூப்பிட்டான். தொப்பூர்ல முன்னால போன வண்டி ஒண்ணு பஞ்சராகி நின்னு, ரோடு அடைஞ்சு, எல்லாவனும் முதல் கியர்ல ஊர்ந்தானுவளாம். நியூட்ரல் போட எடமே இல்லன்னு சிரிச்சான்.

பிறகு சொல்றான், தூத்துக்குடியில உப்பு லோடு ஆப்புல காட்டுதாம், நேரா பெங்களூருக்கு. வீட்டுக்கு வரல்லயாம். தவணைத் தேதி பத்தாம். "ரெண்டு நாளு வந்து ஒறங்கிட்டுப் போ லே"ன்னேன். "உப்பு நிக்காதுப்பா"ன்னான்.

இந்தச் சாளையை நான் என்ன செய்ய? கண்ணு சரியான உடனே எறங்கி, தூத்துக்குடிக்குப் போய்...