கல்ச்சர்ல கிருமி இல்ல, ஆனா வலி இருக்கு

யூரின் டெஸ்ட்ல ஒண்ணும் இல்லம்மான்னு கேட்டுக் கேட்டே சலிச்சுப் போன பொம்பளைங்களுக்காக இத எழுதுறேன். எனக்கு இருக்கறது இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைட்டிஸ், கிருமி இல்லாமலே மூத்திரப்பைல வர்ற நாள்பட்ட வலி. எனக்கு மேலூர் பக்கம், மதுரைல ஒரு ஜவுளிக்கடைல வேலை. அடிவயித்துல வலி, ஒன்னுக்கு சேரச் சேர ஏறிக்கிட்டே போகும், போயிட்டு வந்தா கொஞ்சம் அடங்கும், அரைமணி நேரத்துல மறுபடி ஆரம்பிச்சிரும். ராத்திரியும் அப்படித்தான், தூக்கமே கிடையாது.

வீட்ல எல்லாரும் சூடுன்னாங்க. அம்மா தொப்புள்ல விளக்கெண்ணெய் வச்சாங்க, பார்லி தண்ணி, இளநீ எல்லாம் குடிச்சாச்சு. கிளினிக்ல யூரின் இன்ஃபெக்ஷன்னு ஆன்டிபயாடிக் குடுப்பாங்க, மாத்திரை முடியும், வலி அப்படியே நிக்கும், யூரின்ல கிருமி வளருதான்னு பாக்குற கல்ச்சர் டெஸ்ட் எடுத்தா எதுவும் வளரலன்னு வரும், ஸ்கேனும் நார்மல். ஒரு டாக்டர் டென்ஷனால வருது, மனச லேசா வச்சுக்கன்னுட்டார். அன்னைக்கு வெளிய வந்து அழுதேன்.

கடையில பாத்ரூம் மேல் மாடில. கஸ்டமர் நிக்கும்போது அடிக்கடி போனா சூப்பர்வைசர் மொகம் மாறும். உக்கார சேர் குடுக்கணும்னு 2021ல நம்ம தமிழ்நாட்டுல சட்டமே வந்துச்சு, பாத்ரூம் போறதுக்கும் யாராச்சும் இப்படி நினைச்சுப் பாக்கணும். பஸ்ல மாட்டுத்தாவணி வந்து சேர்றதுக்குள்ள உசுரு போயிரும், அதனால காலைல தண்ணியே குடிக்க மாட்டேன். யூரின் அடர்த்தியானா எரிச்சல் கூடும்னு அப்புறம்தான் தெரிஞ்சது.

நர்ஸா இருக்க எங்க மதினிதான் யூராலஜிஸ்ட்ட, அதாவது மூத்திரப்பை, கிட்னி பாக்குற டாக்டர்ட்ட, போகச் சொன்னாங்க. அந்த டாக்டரம்மா கேட்ட மொதக் கேள்வியே, "நிறையும்போது வலிச்சு, போனதும் கொறையுதா?" அப்புறம் ஒரு மில்லி அளவு போட்ட கப்பு வாங்கி, எப்ப போறேன், எவ்வளவு போறேன், வலி எவ்வளவு, என்ன சாப்பிட்டேன்னு எழுதச் சொன்னாங்க. எழுதிப் பாத்தா 60 மில்லி, 80 மில்லின்னுதான் வருது, சாதாரணமா ஒரு ஆளுக்கு முந்நூறு நானூறு மில்லி வரைக்கும் தாங்குமாம். அந்த நோட்டப் பாத்ததும் அவங்க மொகத்துல நம்புற மாதிரி ஒரு மாற்றம், எனக்கு அதுவே பாதி மருந்து.

இதுக்குன்னு தனி டெஸ்ட் கெடையாது, மத்த நோய் ஒவ்வொண்ணா இல்லைன்னு பாத்துதான் முடிவு பண்ணுவாங்களாம். நம்ம ஊர்ல டிபி இருக்கறதால யூரின்ல அதுக்கும் பாத்தாங்க, மயக்கம் குடுத்து சிஸ்டோஸ்கோப்பி பண்ணி, அதாவது கேமரா வச்ச சின்னக் குழாய மூத்திரப்பைக்குள்ள விட்டுப் பாத்து, உள்ள புண்ணு, கட்டி எதுவும் இல்லைன்னாங்க. இந்த நோய்ல சிலருக்கு மூத்திரப்பைச் சுவர்ல ஹன்னர் புண்ணுன்னு இருக்குமாம், எனக்கு இல்ல. அப்படித்தான் இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைட்டிஸ்னு முடிவு பண்ணாங்க, இத பிளாடர் பெயின் சிண்ட்ரோம்னும் சொல்றாங்க.

ராத்திரி அமிட்ரிப்டிலின் சின்ன டோஸ் குடுத்தாங்க. அது மனநோய் மாத்திரைன்னு மெடிக்கல்ல ஒருத்தர் சொல்லி வீட்டுக்காரர் பயந்துட்டார், டாக்டரம்மா அவர உக்கார வச்சு இது நரம்பு வலிக்கும் குடுக்குறதுதான்னு வெளக்குனாங்க. வாய் காயும், காலைல மந்தமா இருக்கும், ஆனா தூக்கம் வந்துச்சு. சேர்ந்து இருக்கும்போது வலிக்குதுன்னு நான் சொல்ல முடியாம வச்சிருந்ததும் அன்னைக்குத்தான் அவர் காதுல விழுந்துச்சு, அதுக்கப்புறம் அவர் ரொம்பவே மாறிட்டார்.

பிசியோ எனக்குப் பெரிய உதவி. இடுப்படித் தசை இறுகிக் கெடக்கு, அதனால இறுக்கிப் புடிக்கிற கெகல் பயிற்சி பண்ணாதீங்க, தளர்த்தப் பழகுங்கன்னாங்க. சாப்பாட்டுல காபி, தக்காளி, எலுமிச்சை, காரம் எல்லாத்தையும் நிறுத்திட்டு ஒவ்வொண்ணா சேத்துப் பாத்தேன், எனக்குக் காபியும் தக்காளியும்தான் ஆகல, புளி கொஞ்சம் பரவால்ல. இது ஆளுக்கு ஆள் மாறும்.

முழுசா போகல, பீரியட்ஸுக்கு முன்னாடி இன்னும் ஏறும். அப்பப்ப சின்ன டியூப் வழியா மூத்திரப்பைக்குள்ளயே மருந்து விடுறாங்க. ஆனா இப்ப பஸ் ஏறுறதுக்கு முன்னாடி தண்ணி குடிக்கிறேன். நீங்க போறதா இருந்தா பழைய கல்ச்சர் ரிப்போர்ட் எல்லாத்தையும் அந்த நோட்டோட கொண்டு போங்க. யூரின்ல ரத்தமோ, குளிர் காய்ச்சலோ இருந்தா மட்டும் காத்திருக்காதீங்க, அன்னைக்கே போயிருங்க.