விசாரணை: முகவரி இல்லாதவர்கள் மீது எழுதப்படும் வழக்கு

வெற்றிமாறனின் 'விசாரணை' 2016 பிப்ரவரியில் திரைக்கு வந்தபோது, லாக்கப் காட்சிகளைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை என்று சொன்னவர்கள் பலர். அந்த அடியைக் காட்டிலும், யாரை அடிப்பது என்று காவல்துறை தேர்ந்தெடுக்கும் விதத்தில்தான் படத்தின் அரசியல் அடங்கியிருப்பதாக நான் நினைக்கிறேன்.

குண்டூரில் மளிகைக் கடையிலும் கிடைத்த இடத்திலும் வேலை பார்த்து, வாடகை கொடுக்க வழியின்றிப் பூங்காவில் படுத்துறங்கும் தமிழ் இளைஞர்கள் நால்வர். செல்வாக்குள்ள ஒருவர் வீட்டில் திருட்டு நடக்கிறது. வழக்கை உடனே முடிக்கும்படி மேலிடத்திலிருந்து நெருக்கடி வருகிறது. உள்ளூர்க்காரனைப் பிடித்தால் சொந்தக்காரர்களும் சாதிக்காரர்களும் வட்டச் செயலாளரும் ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்பார்கள். இவர்களுக்கு அந்த ஊரில் வீடும் இல்லை, மொழியும் இல்லை, கேட்க நாதியும் இல்லை. படத்துக்கு மூலமான 'லாக்கப்' நாவலை எழுதிய கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், 1983இல் குண்டூர்க் காவலில் தானே பட்டதைத்தான் அதில் எழுதினார்.

காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்பது சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவாக ஆங்கிலேயர் காலத்திலிருந்தே இருந்த விதி. 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. அப்படியிருந்தும் ஏன் அடிக்கிறார்கள் என்பதற்குப் படம் துல்லியமான விடை தருகிறது. ஸ்டேஷனில் எழுதி வாங்கும் காகிதம் அவர்களுக்குப் போதாது. நீதிபதி முன்னால் நின்று, "நாங்கள்தான் செய்தோம்" என்று அந்த நால்வரும் தம் வாயாலேயே சொல்ல வேண்டும். அதற்குத்தான் அத்தனை அடியும். நீதிமன்றத்தில் அந்த நால்வரில் ஒருவனான பாண்டி துணிந்து உண்மையைச் சொல்லும்போது, அவன் தமிழை நீதிபதிக்குப் புரியவைக்க, வேறு வேலையாக வந்திருந்த தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் முத்துவேல் தற்செயலாக அங்கே இருக்க வேண்டியிருக்கிறது. அன்று அவர் வராதிருந்தால் அந்த உண்மை யார் காதிலும் ஏறியிருக்காது.

அந்த உதவிக்குக் கைம்மாறாக, கே.கே. என்ற ஆடிட்டரைக் கடத்த முத்துவேலுக்கு அந்த இளைஞர்கள் துணை நிற்கிறார்கள். இங்கிருந்து படம் அடிக்கும் கைகளை விட்டுவிட்டு, ஆணையிடும் தலைகளைக் காட்டத் தொடங்குகிறது. தமிழ்நாட்டு ஸ்டேஷனைக் கழுவித் துடைக்கும் வேலையில் விடப்பட்ட இவர்கள் காதில், அதிகாரிகளின் பேரம் விழுகிறது: கட்சிப் பணத்தின் கணக்கு யார் கையில், எவருக்கு எவ்வளவு பங்கு, காவலில் இறந்த கே.கே.யின் சாவை எப்படித் தற்கொலையாக்குவது. குரல் உயராமல், அலுவலக வேலையைப் பிரித்துக்கொள்வது போல அவர்கள் பேசுவது, முதல் பாதியின் அலறலைவிட என்னை அதிகம் கலங்கடித்தது. சமுத்திரக்கனியின் முத்துவேலுக்கு மனசாட்சி இருக்கிறது. ஆனாலும் மேலதிகாரி சொல்லை மறுக்க அவருக்கு ஒரு சட்டமும் துணை வருவதில்லை, கடைசியில் அவரே சாட்சியாகிவிடுகிறார். காவல்துறையை அரசியல் தலையீட்டிலிருந்து விடுவிக்கும்படி பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இலேயே ஆணையிட்டது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியாது.

ஆந்திரப் போலீஸ்தான் கொடுமையானது என்று ஆறுதல் கொள்ளவும் இரண்டாம் பாதி இடம் தருவதில்லை. 2012 பிப்ரவரியில் சென்னை வேளச்சேரியில், வங்கிக் கொள்ளையர்கள் என்று சந்தேகிக்கப்பட்ட வடமாநிலத்தவர் ஐவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தபோது, நம்மில் எத்தனை பேர் கைதட்டினோம்! அன்று இங்கே அவர்கள் இருந்த இடத்தில்தான் குண்டூரில் பாண்டியும் முருகனும் இருந்தார்கள்.

பெண்களுக்குப் படத்தில் இடம் மிகக் குறைவு. ஆனந்தி ஏற்ற சாந்தி பாத்திரம் பாதியிலேயே விடப்படுவது எனக்குக் குறையாகவே படுகிறது. முடிவு அளவுக்கு மீறியது என்ற விமர்சனத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 2025 ஜூனில், சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோவில் காவலாளியான இளைஞர் ஒருவரை நகைத் திருட்டுப் புகாருக்காக விசாரிக்க அழைத்துச் சென்றார்கள். அவர் காவலிலேயே இறந்தார்; காவலர்கள் கைதாகி, வழக்கு சிபிஐக்குப் போனது. அங்கும் தொடக்கம் ஒரு திருட்டுப் புகார்தான்.