தடை எங்கள் தையல் மேசைக்கு வந்தது

குடியாத்தத்தில் நான் வந்து இறங்கியது 2004 வைகாசியில். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தெருவோரம் முழுக்கத் தேங்காய் ஓடு. என் தாத்தா இந்த ஊரிலிருந்துதான் ரங்கூனுக்குக் கப்பலேறியவர். 1964-ல் கடைகளை பர்மா அரசாங்கம் எடுத்துக்கொண்டு, 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, சொந்தக்காரர்கள் பலர் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள். தாத்தா மட்டும் அங்கேயே தங்கிவிட்டார். அதனால் அவர் பிறந்த ஊருக்கே நான் வெளிநாட்டுக்காரியாக, விசாவோடு வந்தேன்.

முதல் நாள் காலையில் வழக்கம்போல் கன்னத்தில் தனாக்கா பூசிக்கொண்டு வாசலுக்குப் போனேன். “இன்னாம்மா இது, மூஞ்சியில சுண்ணாம்பு?” என்றார் மாமியார். “வெயிலுக்குக் குளிர்ச்சி அத்தை, மரப்பட்டையை அரைச்சது” என்றேன். என் பையிலிருந்த கட்டையை வாங்கி மோந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பூஜை அறையிலிருந்த சந்தனக்கல் என் ஜன்னலோரம் இருந்தது. அந்தக் கட்டை சுண்டுவிரல் நீளத்துக்குத் தேயும்வரை அந்தக் கல்லில்தான் அரைத்தேன். பக்கத்து வீட்டில் கைலி நெய்தார்கள். எங்கள் ஊரில் ஆணும் பெண்ணும் கட்டுகிற உடுப்புக்குத் தறி போடுகிற சத்தம் அது. முதல் வருஷம் அதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்கினேன்.

நான் ஏன் வந்தேன் என்று இங்கே எல்லோரும் கேட்டார்கள். கல்யாணம் என்று சொல்லிவிடுவேன். அது பாதிதான்.

ரங்கூனில் லைங்தாயா தொழிற்பேட்டையில் சட்டை தைக்கிற கம்பெனியில் இருந்தேன். காலர் தைப்பது என் வேலை. 2003 மே 30 அன்று தெபாயின் என்ற ஊரில் எதிர்க்கட்சித் தலைவி ஆங் சான் சூச்சியின் வாகன வரிசையை ஒரு கும்பல் தாக்கியது. அவரை மறுபடி காவலில் வைத்தார்கள். 1990 தேர்தலில் அவர் கட்சி ஜெயித்தும் ஆட்சியை விட்டுத்தராத ராணுவம் அது. ஜூலை 28-ல் அமெரிக்க அதிபர் புஷ் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்: பர்மாவிலிருந்து இனி எந்தச் சரக்கும் அமெரிக்காவுக்குள் வரக்கூடாது. நாங்கள் தைத்ததெல்லாம் அமெரிக்காவுக்குத்தான். முதலில் ஓவர்டைம் நின்றது. பிறகு ஒரு லைன், அப்புறம் அடுத்த லைன். கடைசி வாரம் காலர் மட்டும் வைத்து, கை வைக்காத சட்டைகள் என் மேசையில் அடுக்கிக் கிடந்தன. ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டுக்குப் போனோம்.

அப்போது ஜெனரல்களுக்கு என்ன ஆனது? அவர்களுடைய பெரிய வருமானம் கடலுக்கடியில் யதனா என்ற வயலிலிருந்து எரிவாயுவாகக் குழாய் வழியே தாய்லாந்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அமெரிக்கா 1997-ல் போட்ட தடை புதிய முதலீட்டுக்கு மட்டும்தான். ஏற்கெனவே அங்கே முதலீடு செய்திருந்தவர்களைத் தொடவில்லை. இந்த ஒன்றை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

அதற்காக வெளிநாடுகள் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். அதைத்தான் ராணுவம் சொன்னது. ரங்கூனில் சிவப்புப் பலகைகள் வைத்திருந்தார்கள், ‘மக்களின் விருப்பம்’ என்று தலைப்புப் போட்டு: அந்நியரை நம்பும் கைக்கூலிகளை எதிர்ப்போம் என்று. மக்களிடம் யாரும் கேட்கவில்லை. ஒருநாள் ஆற்காடு போகும் பஸ்ஸில் கண்டக்டர் “ரத்தினகிரி, ரத்தினகிரி” என்று கூவியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் கடைசி அரசர் தீபாவை 1885-ல் வெள்ளைக்காரர்கள் நாடுகடத்திக் கொண்டுபோய் வைத்ததும் ஒரு ரத்னகிரிதான், மகாராஷ்டிரத்தில். இங்கே இருப்பது முருகன் மலை. அந்த பழைய காயத்தைக் காட்டித்தான் ஜெனரல்கள் எங்களைப் பயமுறுத்தினார்கள். பர்மியரின் காயம் உண்மை. அதைக் கேடயமாகப் பிடித்தவர்கள் செய்தது அக்கிரமம்.

இந்தியக் குடியுரிமைக்கு ஏழு வருஷம் இங்கே இருந்தால்தான் மனுவே போடமுடியும். அந்த ஏழு வருஷமும் பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்தேன். விடியற்காலை கம்பெனி பஸ், தூக்குச்சட்டி, ஜன்னலோரம் தூங்கி வழிகிற பெண்பிள்ளைகள். அந்த ஷூவும் வெளிநாட்டுக்குத்தான் போகும். அங்கே எவனோ ஒரு கையெழுத்துப் போட்டால் இந்த பஸ் நின்றுவிடும் என்று அவர்களிடம் ஒருநாள் சொன்னேன். நம்பவில்லை.

2021 பிப்ரவரி 1-ல் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. மார்ச் 14 அன்று லைங்தாயாவில் பலரைச் சுட்டுக் கொன்றார்கள். என் சித்தி வீடு அங்கேதான். இந்தத் தடவை குறி கொஞ்சம் சரியாக விழுந்தது என்பேன். ராணுவத்தின் எரிவாயு நிறுவனத்தை 2022-ல் ஐரோப்பாவும் 2023-ல் அமெரிக்காவும் தொட்டன. டாலர் வந்துபோன அரசு வங்கிகள் மீதும் 2023-ல் அமெரிக்கா தடை போட்டது. இருபது வருஷம் முன்பே செய்திருக்கவேண்டியது.

சித்தி மகள் அங்கே இன்னும் சட்டை தைக்கிறாள். சில ஐரோப்பியக் கம்பெனிகள் பர்மாவை விட்டுப் போவதாகச் சொன்னபோது போன் செய்தாள். “அக்கா, எங்க கம்பெனியும் போயிடுமா?” என்றாள். தெரியலம்மா என்றேன். ஓவர்டைம் இருக்கா என்று கேட்டேன். போன வாரம்தான் நிறுத்தினார்கள் என்றாள்.