யார் இந்த நெபெர்த்?

பழைய ஐரிஷ் மொழிப் பாடத்தின் ஜனவரித் தேர்வுத்தாள் கைக்குத் திரும்பி வந்தபோது என் மொழிபெயர்ப்பின் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தது: "யார் இந்த நெபெர்த்?"

தாளில் இருந்த சொல் கொனெபெர்த். 'கொ' என்றால் 'உடன்' என்று தெரியும். மிச்சம் நெபெர்த். பார்த்தால் ஆள் பெயர் மாதிரிதான் இருந்தது. "அரசன் நெபெர்த்தோடு வந்தான்" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிட்டேன். அப்படி ஓர் ஆள் ஐரிஷ் இலக்கியத்தில் எங்கும் கிடையாது. அதை கொன்-எபெர்த் என்று பிரிக்க வேண்டும். 'அப்போது சொன்னான்' என்பதுபோல ஒரு பொருள். கதைகளில் பக்கத்துக்குப் பக்கம் வருகிற சொல். அந்தத் தாளில் எனக்கு 41. பாஸ் மார்க் 40.

போன வாரம் முதுகலை முடிவு வந்துவிட்டது. மொத்தம் 67. முதல் வகுப்புக்கு 70 வேண்டும். அந்த மூன்று மார்க் எங்கே போனது என்று எனக்குத் தெரியும், நெபெர்த் எடுத்துக்கொண்டு போனான். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இது. மத்தியகால ஐரிஷ் படிக்க நினைக்கும் தமிழர்கள் மொத்தம் பத்துப் பேர் இருந்தால் அதிகம். அந்தப் பத்துப் பேருக்கு.

விஷயம் வினைச்சொல்தான். மற்றதெல்லாம் பிறகு. பழைய ஐரிஷில் (சுமார் 600 முதல் 900 வரை) கூட்டு வினைகளுக்கு, அதாவது முன்னொட்டு சேர்ந்த வினைகளுக்கு, இரண்டு முகம். தனியாக நின்றால் அஸ்பெர்த், 'சொன்னான்'. முன்னால் 'நீ' (இல்லை) அல்லது 'கொன்' மாதிரி ஏதாவது வந்து உட்கார்ந்தால் அழுத்தம் முதல் அசைக்கு ஓடிவிடும், சொல் நசுங்கி எபெர்த் ஆகிவிடும். தொபெர் 'தருகிறான்', தரவில்லை என்றால் நீ தவர். தொஸ்லுந்தி 'மறுக்கிறான்', மறுக்கவில்லை என்றால் நீ தீல்தி. இந்த இரண்டும் ஒரே வினை என்று சத்தியம் செய்தாலும் முதலில் நம்ப மாட்டீர்கள். தொக்னீ 'செய்கிறான்', எதிர்மறையில் நீ தேனி. இதில் மட்டும் நான் தடுமாறவே இல்லை, மாவட்டம் ஞாபகம் வந்துவிடும்.

போதாததற்கு, 'போ' என்ற ஒரு வினைக்குள்ளே நாலைந்து வேர்கள் குடியிருக்கின்றன. போகிறான் தேத், போனான் லுத், போவான் ரெகத், போ என்று ஏவினால் எர்க்.

பிப்ரவரியில் நான் செய்தது இதுதான். கடையில் நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்கினேன். இடது பக்கம் தனி வடிவம், வலது பக்கம் நசுங்கிய வடிவம். ஒரு வரிக்கு ஒரு வினை. பாடத்தில் புதிதாக ஒரு வினை வந்தால், அதன் இரண்டு முகத்தையும் நோட்டில் ஏற்றாமல் அடுத்த வாக்கியத்துக்குப் போவதில்லை. மே மாதத்துக்குள் 180 வினை சேர்ந்தது. வலது பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு இடதிலிருந்து சொல்வது, பிறகு இடதை மறைத்து வலதிலிருந்து. இரண்டாவதுதான் முக்கியம். தேர்வில் கண்ணில் படுவது நசுங்கியதுதான், அதிலிருந்து பின்னோக்கி நடக்கத் தெரிய வேண்டும். மே மாதத் தேர்வில், முன்பு பார்த்திராத பகுதியை மொழிபெயர்க்கும் தாளில் 72.

மனப்பாடம் பழைய முறை, வாசித்து வாசித்துத் தானாக வரட்டும் என்று எங்களுக்குச் சொன்னார்கள். என்னோடு படித்த ஜெர்மன் பெண்ணுக்கு அப்படித்தான் வந்தது. எனக்கு வராது. பதினாறாம் வாய்ப்பாடு வரை திண்ணையில் உட்கார்ந்து கூவிய வாய் இது, கூவினால்தான் உள்ளே இறங்கும். ஆகவே என் அறிவுரை: கூவுங்கள். கூச்சமாக இருந்தால் இரவு வேலை பாருங்கள்.

நான் பார்த்தேன். மாணவர் விசாவில் பருவ நாட்களில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். ஒரு பெட்ரோல் பங்க் கடையில் இரவு ஷிஃப்ட் கிடைத்தது. அதிகாலை மூன்று மணிக்குத் தரை துடைத்துக்கொண்டே பிரு, பிரி, பெரித், பெர்மை, பெர்தே, பெரத் என்று 'சுமத்தல்' வினையை ஓதிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் காப்பி எடுக்க வந்த டாக்ஸி ஓட்டுநர் நின்று கேட்டார்.

"என்ன மொழி தம்பி அது, இந்தியாவா?"

"இல்லைங்க, உங்க மொழிதான்."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். "ஸ்கூல்ல பதினாலு வருஷம் ஐரிஷ் படிச்சேன். இதுல ஒண்ணுகூடப் புரியலையே" என்று சிரித்தபடி காப்பிக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார். புரியாததில் வியப்பில்லை. நடுவில் ஆயிரத்துச் சொச்சம் வருடம் இருக்கிறது. அதனால் இன்றைய ஐரிஷைக் கற்றுக்கொண்டு போனால் இது சுலபம் என்று யாராவது சொன்னால் பாதி மட்டும் நம்புங்கள்.

சரி, கேட்கிறவர்களுக்காக அவசரப் பட்டியல்:

- லத்தீன். போவதற்கு முன் ஆறு மாதமாவது. பழைய ஐரிஷுக்கு நமக்குள்ள பெரிய ஆதாரமே லத்தீன் ஏடுகளின் இடுக்கில் எழுதிய உரைக்குறிப்புகள்தான். வூர்ட்ஸ்புர்க் ஏட்டில் பவுலின் நிருபங்கள், மிலான் ஏட்டில் சங்கீதங்களின் உரை, செயின்ட் காலன் ஏட்டில் பிரிஷியனின் லத்தீன் இலக்கணம்.
- ஜெர்மன், அகராதி வைத்துத் தட்டுத் தடுமாறிப் படிக்கிற அளவுக்கு.
- தொடங்க ஸ்டிஃப்டரின் பாடநூல் 'செங்கொய்தெல்க்' (2006). ஆட்டுக்குட்டிப் படங்களைப் பார்த்து ஏமாற வேண்டாம், பாதிக்கு மேல் கடினம்தான்.
- தூர்னைசனின் இலக்கணத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். ஜெர்மனில் 1909, ஆங்கிலத்தில் 1946. சந்தேகம் வரும்போது புரட்டுவதற்கான நூல். நான் அக்டோபரில் வரிசையாகப் படிக்க ஆரம்பித்து மூன்று வாரத்தைத் தொலைத்தேன்.
- ராயல் ஐரிஷ் அகாதமியின் அகராதி 1913-இல் தொடங்கி 1976-இல் முடிந்தது, இப்போது இணையத்தில் இலவசம். தேர்வறைக்குள் வராது. நோட்டுதான் வரும், அதுவும் தலைக்குள் இருந்தால்.
- எந்த ஊர்? அயர்லாந்தில் மேனூத், கார்க், டப்ளின், கால்வே. வெளியே கேம்பிரிட்ஜ் மாதிரி இடங்கள். ஒன்றே ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: மொழியை அரிச்சுவடியிலிருந்து சொல்லித்தருகிறார்களா, தெரியும் என்று வைத்துக்கொள்கிறார்களா.
- விண்ணப்பக் கட்டுரையில் 'கெல்டிக் மர்மம்' என்றெல்லாம் எழுத வேண்டாம்.

நமக்கு ஒரு சலுகை உண்டு, அதை யாரும் சொல்லித்தருவதில்லை. பழைய ஐரிஷ் எழுத்தில், சொல்லின் முதலில் வரும் 'த'கர எழுத்து வல்லொலி. உயிருக்குப் பின்னால் அதே எழுத்து மெலிந்து ஒலிக்கும். 'க'கரமும் அப்படியே. கூட வந்தவர்கள் இதற்கு விதி, விலக்கு என்று அட்டை எழுதி வைத்துக்கொண்டு திணறினார்கள். எனக்கு முதல் நாளே பிடிபட்டுவிட்டது. 'கடல்' என்பதன் க-வும் 'அகம்' என்பதன் க-வும் ஒரே எழுத்துதானே, யார் நமக்கு விதி சொல்லித்தந்தார்கள்? எழுத்தைப் பார்த்து அப்படியே வாசித்தேன், ஆசிரியர் தலையாட்டினார். ஆண்டு முழுவதிலும் எனக்குச் சும்மா கிடைத்தது அது ஒன்றுதான்.

மொழிபெயர்ப்பை முதலில் படிக்கும் பழக்கத்தை விடுங்கள். மக் தாதோவின் பன்றிக் கதை எல்லா வகுப்பிலும் வரும். அயர்லாந்துக்குள்ளேயே போட்டி போடும் இரண்டு நாடுகள், ஒரே வேட்டை நாயைக் கொனாக்ட் ஆட்களும் கேட்கிறார்கள், அல்ஸ்டர் ஆட்களும் கேட்கிறார்கள். மக் தாதோ இரு பக்கமும் தருகிறேன் என்று சொல்லி, இருவரையும் ஒரே நாளில் விருந்துக்கு அழைத்துவிடுகிறான். விருந்துக்கு ஒரு பன்றி. ஏழு வருடம் மூன்று இருபது பசுக்களின் பால் குடித்து வளர்ந்தது. அதை யார் வெட்டிப் பங்கு வைப்பது என்பதில் வீரர்களுக்குள் வாய்ச் சண்டை. கொனாக்டின் கெத் எல்லாரையும் மட்டம் தட்டிவிட்டுக் கத்தியோடு உட்காரும்போது அல்ஸ்டரின் கொனல் உள்ளே வருகிறான். கெத் எழுந்து இடம் விட்டுவிட்டு, எங்கள் வீரன் அன்லூவன் மட்டும் இங்கே இருந்திருந்தால் உனக்குச் சரியான போட்டி என்கிறான். "இருக்கிறானே" என்று சொல்லி, இடுப்புக் கச்சையிலிருந்து அன்லூவனின் தலையை எடுத்து கெத்தின் மார்பில் எறிகிறான் கொனல்.

அந்த இடத்தை நான் முதலில் மொழிபெயர்ப்பில் படித்திருந்தேன். வகுப்பில் மூலத்தை வாசித்தபோது ஒரு சொல் விடாமல் 'புரிந்தது'. புரியவே இல்லை, நினைவிலிருந்து ஒப்பித்திருக்கிறேன். எது எழுவாய் என்று கேட்டதும் வாயடைத்துப் போனேன். நெபெர்த் பிறந்ததும் அந்தப் பழக்கத்தில்தான். இருபது வரியைத் தனியாகப் போராடிப் படித்தவனுக்கு, இருநூறு வரியை மொழிபெயர்ப்போடு படித்தவனைவிட அதிகம் தெரியும். குழுவாகச் சேர்ந்து படித்தால் இன்னும் நல்லது என்பார்கள். எனக்கு ஆகாது. நாலு பேரில் ஒருவர் விடையைச் சொல்லிவிடுவார்.

ஆய்வேடு. இடங்களுக்குப் பெயர் வந்த கதைகளின் தொகுதி ஒன்று உண்டு, நம் தலபுராணங்களின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு குன்றின் கதையை மூன்று ஏடுகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தேன். ஏடுகளின் படங்கள் டப்ளின் உயர் ஆய்வு நிறுவனத்தின் தளத்தில் கிடைக்கின்றன, வீட்டிலிருந்தே பார்க்கலாம். 'மற்றும்' என்பதற்கு எழுத்தர்கள் 7 மாதிரி ஒரு குறி போடுவார்கள். அயர்லாந்தில் பார்க்கிங் பலகைகளில் இன்றைக்கும் அது இருக்கிறது. முதல் தடவை பார்த்தபோது ஏழு யூரோ என்று நினைத்துவிட்டேன்.

மூன்று வாரம் என்னைப் படுத்தியது ஒரு சின்னக் குறி. 'தலை' என்ற சொல்லின் முதல் எழுத்துக்கு மேல் குறி இருந்தால் 'அவன் தலை'. இல்லாவிட்டால் 'அவள் தலை', அல்லது 'அவர்கள் தலை'. இரண்டு ஏட்டில் குறி இருக்கிறது, ஒன்றில் இல்லை. இல்லாத ஏடுதான் பழையது. குன்றில் புதைந்திருப்பது யார் தலை என்பதே அந்தக் குறியில் நிற்கிறது. என் நெறியாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதினேழு நாள் கழித்து ஒரு வரி வந்தது: "நல்ல கேள்வி." அதற்குள் நானே 'அவள்' என்று முடிவு செய்து ஆறு பக்கம் எழுதிவிட்டிருந்தேன். நெறியாளரை நம்பிக் காத்திருக்காதீர்கள், ஜூலையில் யாரும் ஊரில் இருக்க மாட்டார்கள்.

இடப்பெயர்க் கதைகளின் உரைநடை வடிவத்தில் பெரும் பகுதியை 1890-களில் பதிப்பித்தவர் விட்லி ஸ்டோக்ஸ். டப்ளின்காரர், வக்கீல். 1862-இல் மதராசுக்கு வந்து தொழில் பார்த்தவர், பிறகு வைஸ்ராய் சபையில் சட்ட உறுப்பினர். பகலில் இந்தியச் சட்டத் தொகுப்புகள், மிச்ச நேரத்தில் பழைய ஐரிஷ் உரைக்குறிப்புகள். 1866-இல் கல்கத்தாவிலேயே அச்சிட்டும் இருக்கிறார். ஷிஃப்ட் முடிந்து ஆறு மணி பேருந்தில் தூங்கி வழியும்போது அவரை நினைத்துக்கொள்வேன். அவருக்குப் பங்கா இழுக்க ஆள் இருந்திருக்கும்.

வேலை வாய்ப்பு பற்றிக் கேட்பீர்கள். அம்மாவும் கேட்டாள்: "இப்ப அதை யாருடா பேசுறாங்க?" "யாரும் பேசலம்மா." "அப்புறம் எதுக்கு?" நானும் பேச்சை மாற்றி, சாப்பிட்டாயா என்று கேட்டேன். முதுகலைக்குப் பின் அங்கே இரண்டு வருடம் தங்கி வேலை தேட அனுமதி உண்டு, ஆனால் இந்தத் துறைக்குள் வேலை என்பது முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகை கிடைத்தால்தான். அங்கே 67-க்கும் 70-க்கும் உள்ள தூரம் பெரிது.

செயின்ட் காலன் ஏட்டின் ஓரத்தில் ஓர் எழுத்தர் ஓகம் என்ற பழைய கோட்டெழுத்தில் ஒரே சொல் கிறுக்கி வைத்திருக்கிறார்: லதெர்த். முந்தின இரவுக் குடியின் தலைவலி என்று பொருள் சொல்கிறார்கள். முடிவு வந்த அன்றைக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதினேன். பிறகு மேலே இரண்டு வினை விட்டுப்போயிருந்தது கண்ணில் பட்டது. அவற்றை ஏற்றிவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பினேன்.