வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்றிருந்தேன்

என் மூத்தவன் ஒரு தனியார் மருத்துவமனையில் பிறந்தான். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தப் பிரசவ அறையை நினைத்தால் இன்றைக்கும் உள்ளங்கை வேர்க்கும். தெரிந்த முகம் ஒன்றுகூடப் பக்கத்தில் இல்லை. வலியில் முனகினால் அதட்டல். தையல் போடும்போதுதான் கத்தரி வைத்ததே எனக்குத் தெரிந்தது. அதனால் இரண்டாவது தங்கியதும் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்: இந்த முறை வீட்டிலேயே, நாம் இரண்டு பேர் மட்டும்.

அவர் தலையாட்டினார். மாமியாருக்கு ஒரே சந்தோஷம். ஐந்து பிள்ளைகளையும் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் பெற்றவர். "மருத்துவச்சி வந்து சேர்றதுக்குள்ள உன் புருஷன் வெளியில வந்துட்டான்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் கதை. ஐந்தில் ஒன்று ஏழாம் நாளே போய்விட்டதை மட்டும் அவர் சொல்வதில்லை. நாத்தனார் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் கடலூர் பக்கம், தென்பெண்ணைக் கரையோரம். தாய் சேய் அட்டை போட்ட நர்ஸம்மாவிடம் என் எண்ணத்தை மறைக்கவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. வீட்டுக்கே வந்தார். அடுப்படியில் இருந்த அரை லிட்டர் பால் பாக்கெட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். "குழந்தை பொறந்ததும் கர்ப்பப்பை சுருங்கணும். சுருங்கலைன்னா இவ்வளவு ரத்தம் போக ரொம்ப நேரம் ஆகாது. உனக்கு ஹீமோகுளோபின் ஒன்பதரைதான் இருக்கு. பதினொண்ணாவது வேணும்." ஆஸ்பத்திரியில் குழந்தை வந்த ஒரு நிமிடத்துக்குள் தொடையில் ஆக்ஸிடோசின் ஊசி போடுவார்கள், அதற்காகத்தான் போடுகிறார்கள் என்றார். அப்புறம் வாசலில் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்து, "குழந்தை அழலைன்னா முதல் ஒரு நிமிஷத்துல மூச்சு கொடுக்கணும் தம்பி, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். மனிதர் மாட்டைப் பார்க்கிற சாக்கில் நழுவிவிட்டார்.

2018இல் திருப்பூரில் காணொளி பார்த்து வீட்டில் பிரசவம் பார்க்கப்போய், ரத்தப்போக்கில் ஒரு தாய் இறந்த செய்தி எனக்கும் தெரிந்ததுதான். நமக்கு அப்படி ஆகாது என்று எல்லோரையும் போல நானும் நினைத்திருந்தேன். பால் பாக்கெட்டின் கனம் அந்த நினைப்பைக் கலைத்துவிட்டது.

ஆனால் பயம் போகவில்லை. அதையும் சொன்னேன். "எதுக்கெல்லாம் பயம்னு எழுதிக் கொண்டு வா" என்றார். மூத்தவனின் பழைய கோடு போட்ட நோட்டில் எழுதினேன். எழுதி முடித்துப் படித்தபோதுதான், அதில் ஒன்றுகூடக் கட்டடத்தைப் பற்றியதல்ல என்பது புரிந்தது. தனியாக விடக்கூடாது, அதட்டக்கூடாது, வெட்டுவதற்கு முன் சொல்ல வேண்டும், குழந்தையை உடனே என் மேல் போட வேண்டும். அவ்வளவுதான். அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் பெண் உறவினர் ஒருவர் துணைக்கு இருக்கலாம் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அக்காவைக் கேட்டேன், உடனே ஒப்புக்கொண்டாள். நோட்டுத் தாளைக் கிழித்து அவள் கைப்பையில் வைத்துவிட்டேன். வலி வந்தால் எனக்கு வாய் வராது, அவளுக்கு வரும்.

ரத்தத்தை ஏற்ற மாத்திரை மட்டும் போதவில்லை. இரும்புச் சத்து மருந்தைச் சலைனில் கலந்து டிரிப்ஸாக ஏற்றினார்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு என்று மாமியார் தன் பங்குக்குத் தீவிரமாக இறங்கினார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

மற்றபடி பை கட்டுவது எல்லோருக்கும் தெரிந்ததே: அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், துவைத்த பழைய நூல் புடவைகள், பிளாஸ்க். என் ரத்த வகையுள்ள இரண்டு பேரிடம் சொல்லி வைத்தோம்.

எனக்கு நாள் குறித்திருந்தது 2024 டிசம்பரில், அடைமழைக் காலம். எங்கள் தெருவில் தண்ணீர் ஏறினால் ஆட்டோ வராது, 108 வண்டியும் மேட்டோடு நின்றுவிடும். ஆகவே நாங்கள் வேண்டாம் என்று விட்ட வீட்டுப் பிரசவம் மழையால் வந்து சேரலாம். அதற்கும் நர்ஸம்மா சொல்லிக் கொடுத்தார். 108ஐ அழைத்து, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அவர்கள் சொல்வதைக் கேட்கணும். தலை வரும்போது இழுக்கக்கூடாது. குழந்தையைத் துடைத்து அம்மா நெஞ்சில் போட்டுப் போர்த்தணும். கொடியை அறுக்கவோ இழுக்கவோ கூடாது. என் வீட்டுக்காரர் இதை மனப்பாடம் செய்தார். பனிக்குட நீர் பச்சையாக இருந்தால், குழந்தை அசைவு குறைந்தால், தலைவலியோடு கண் மங்கினால், ரத்தம் பட்டால் நேரம் பார்க்காமல் கிளம்ப வேண்டும் என்று பீரோ கதவில் எழுதி ஒட்டினார்.

இதெல்லாம் ஆபத்துக்குத்தான். நல்ல யோசனை என்னவோ, மழைக்கு முன்பே இடம் மாறுவதுதான். கார்த்திகை பிறந்ததும் மஞ்சக்குப்பத்தில் சித்தியின் மாடி வீட்டுக்குப் போய்விட்டேன். அங்கிருந்து அரசு தலைமை மருத்துவமனை பக்கம். இதற்கு மாமியாரிடம் ஒரு வாரம் பேச்சில்லை. நவம்பர் 30இல் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பின்னாலேயே சாத்தனூர் அணையில் 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை கரை மீறி எங்கள் தெருவுக்குள் வந்தது. மாமியாரையும் மூத்தவனையும் படகில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு ஒரு ராத்திரி வலி வந்தது. சித்தி சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். சூட்டு வலியானால் அதோடு அடங்கும் என்பார்கள். அடங்கவில்லை. இரண்டாவது பிரசவம் சீக்கிரம் ஆகும் என்று சொல்லியிருந்ததால், வலி நெருங்கும்வரை காத்திராமல் கிளம்பினோம். அக்கா உள்ளே வந்தாள், தாளைப் பணியில் இருந்த சிஸ்டரிடம் நீட்டினாள். அவர் படித்துவிட்டு, "முடிஞ்சவரை வெட்டாம பாக்குறேன்" என்றார். நடக்க விட்டார்கள். விடியுமுன் பெண் குழந்தை. சின்னக் கிழிசல், அதற்கு இரண்டு தையல். ஊசி போட்டார்கள், நஞ்சுக்கொடி தானாக வந்தது, ரத்தம் அளவோடு நின்றது.

"இதை வீட்டிலேயே பெத்திருக்கலாமே" என்றார் மாமியார், குழந்தையை வாங்கிக்கொண்டே. இருக்கலாம்தான். முன்கூட்டியே யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை, எனக்கும் பத்தியச் சோறு வேண்டியிருந்ததால் மேலே பேசவில்லை.

பிறப்பைப் பதிந்துவிட்டார்கள். பெயரைப் பிறகு சேர்க்கலாம், 12 மாதத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. அது நல்லதாகப் போயிற்று. பெயர் விஷயத்தில் எங்கள் வீட்டில் மூன்று கட்சி.